உங்க கைக்கு எந்த ரிவால்வர்? டார்கெட் ஷூட்டிங்குக்கு வாங்குறதுக்கு முன்னாடி



போன எபிசோடில் மெக்கானிக்கல் வாட்ச் பத்திப் பேசினோம். பேட்டரி இல்லை, சிப் இல்லை, வெறும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும். அதைக் கேட்டுட்டு டெக்சஸில் இருந்து ஒரு லிஸனர் எழுதியிருந்தார்: "இதே மாதிரி இன்னொரு மெஷின் ரிவால்வர். ஆறு மாசமா ரேஞ்சுக்குப் போறேன். சொந்தமா ஒண்ணு வாங்கணும். பேப்பரில் ஓட்டை போடுறதுக்கு மட்டும்தான், வேற எதுக்கும் இல்லை. எதுங்க ரொம்ப துல்லியமானது?"

நல்ல கேள்வி. ஆனா கடைசி வரியை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போடணும். இன்னைக்கு நல்ல கம்பெனி தயாரிக்கிற எந்த டார்கெட் ரிவால்வரும், நல்ல தோட்டா போட்டு, மேஜையில் தாங்கல் வெச்சுச் சுட்டா, 25 கஜத்தில் சுமார் 2 அங்குலத்துக்குள்ள எல்லா ஓட்டையையும் போடும். புதுசா கத்துக்கிற ஒருத்தர் நின்னுக்கிட்டு சுட்டா அது 8, 10 அங்குலம் ஆகும். நடுவில் இருக்கிற வித்தியாசம் முழுக்க நம்ம கை, கண், விரல். அதனால் "எது துல்லியமானது"ன்னு கேக்கிறதை விட "எதை வெச்சு என்னால் துல்லியமா சுட முடியும்"ன்னு கேக்கிறதுதான் சரி. இந்த வார லெட்டர் அதைப் பத்தித்தான்.

முன்கூட்டியே ஒண்ணு: இது தற்காப்புக்கான துப்பாக்கி பத்தின கட்டுரை இல்லை. அது வேற தேவை, வேற அளவுகோல். இங்க நம்ம எதிரில் இருக்கிறது பேப்பர் டார்கெட் மட்டும்தான்.

இந்தக் காலத்தில் எதுக்கு ரிவால்வர்?

சாமுவேல் கோல்ட் ரிவால்வருக்கு அமெரிக்க பேட்டன்ட் வாங்கினது 1836ல. கிட்டத்தட்ட 190 வருஷம் ஆகுது. இன்னைக்கு போட்டிகளில் மேல வர்றவங்க பெரும்பாலும் செமி-ஆட்டோ பிஸ்டல்தான் வெச்சிருக்காங்க. வேகமா சுட வேண்டிய கட்டத்தில் அது சுலபம். இதை மறைக்கத் தேவையில்லை.

அப்புறம் ஏன்? மூணு காரணம்.

முதல்ல, ரிவால்வரில் குழல் அசையாது. பெரும்பாலான செமி-ஆட்டோவில் ஒவ்வொரு தடவை சுடும்போதும் குழலும் ஸ்லைடும் நகர்ந்து திரும்ப வந்து உட்காரணும். ரிவால்வரில் குழல் ஃப்ரேமோட திருகியாச்சு, சைட் அதே உலோகத்து மேல இருக்கு. துல்லியத்துக்கு அது நல்ல அடித்தளம்.

ரெண்டாவது, தோட்டாவோட சக்தியைப் பத்தி அது கவலைப்படாது. செமி-ஆட்டோ சரியா இயங்க தோட்டாவுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேணும். ரிவால்வரோட சிலிண்டரைச் சுத்துறது உங்க விரல். அதனால் ரொம்ப மெதுவான, மென்மையான தோட்டாவையும் போடலாம். அந்த மென்மையான தோட்டாதான் டார்கெட்டுக்கு அருமையானது. அதுக்குக் கீழே வர்றேன்.

மூணாவது, அது நல்ல வாத்தியார். ட்ரிகரை இழுக்கத் தெரியலைன்னா ரிவால்வர் உடனே காட்டிக் கொடுத்துடும். அமெரிக்காவில் புல்ஸ்ஐ போட்டி சுடுறவங்க நடுவில் இன்னும் "டிஸ்டிங்விஷ்ட் ரிவால்வர்"னு ஒரு தனிப் பிரிவு உயிரோட இருக்கு. .38 ஸ்பெஷல் ரிவால்வர், 158 கிரெய்ன் ஈயத் தோட்டா, சாதாரண இரும்பு சைட். அவ்வளவுதான். இந்த எளிமைக்காகவே அதைத் தேடி வர்றவங்க உண்டு.

மெஷினுக்குள்ள என்ன நடக்குது

நம்ம பாட்காஸ்ட் டெக் பாட்காஸ்ட் ஆச்சே, அதனால் கொஞ்சம் உள்ளே போவோம்.

பிஸ்டலில் ஒரு குழல், ஒரு அறை. ரிவால்வரில் ஒரு குழல், ஆறு அறை. ஒவ்வொரு தடவையும் வேற வேற அறை வந்து குழலுக்கு நேரா நிக்கணும். அதாவது, ஆறு தனித்தனி துப்பாக்கி ஒரே குழலைப் பங்கு போட்டுக்கிற மாதிரி. துல்லியமான ரிவால்வர்னா அந்த ஆறும் ஒரே மாதிரி நடந்துக்கணும்.

இதில் நாலு விஷயம் முக்கியம்.

டைமிங். ஹேமர் பின்னாடி போகும்போது ஒரு சின்ன நெம்பு சிலிண்டரைத் தள்ளித் திருப்புது. சரியான இடத்துக்கு வந்ததும் கீழே இருந்து ஒரு தாழ்ப்பாள் எழும்பி அதைப் பூட்டுது. ஹேமர் விழறதுக்கு முன்னாடி அந்தப் பூட்டு விழுந்திருக்கணும். தாமதமானா புல்லட் குழலுக்குள்ள கோணலா நுழையும். ஈயத்தைச் சீவி பக்கத்தில் துப்பும். டார்கெட்டில் அது காரணமே தெரியாத ஒரு தவறிய ஓட்டையா வந்து நிக்கும்.

இடைவெளி. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கு. சாதாரணமா 0.1 முதல் 0.2 மி.மீ. வரை. பிரின்டர் பேப்பர் ஒண்ணு, அல்லது ரெண்டு சேர்ந்த தடிமன்னு வெச்சுக்கோங்க. ரொம்பக் குறைஞ்சா, சூடாகி கரி படிஞ்சதும் சிலிண்டர் சிக்கும். ரொம்ப அதிகமானா வாயு வீணாகும். இந்தச் சந்து வழியா ஒவ்வொரு ஷாட்டுக்கும் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு வரும். பிஸ்டல் பழகினவங்க கட்டைவிரலை முன்னாடி நீட்டிப் பிடிப்பாங்க. ரிவால்வரில் அப்படிப் பிடிக்கவே கூடாது. விரல் சிலிண்டருக்குப் பின்னாடியே இருக்கட்டும்.

அறையின் வாய். புல்லட் அறையை விட்டு வெளியே வர்ற வாயோட விட்டம், குழலோட உள்விட்டத்தை விட ஒரு இழை பெருசா, இல்லைன்னா சமமா இருக்கணும். வாய் சின்னதா இருந்தா புல்லட் அங்கேயே நசுங்கி மெலிஞ்சுடும். அப்புறம் குழலில் இறுக்கமா பிடிக்காது. ஈயம் குழலில் படியும், துல்லியம் போயிடும். .38, .357 ரெண்டிலும் ஈயப் புல்லட்டோட விட்டம் .358 அங்குலம். அந்த .358 புல்லட் ஆறு வாயிலும் விரலால் லேசா தள்ளினா போகணும், சும்மா விட்டா தானா விழக் கூடாது. சுலபமான சோதனை.

குழல் முனை. ரைஃப்ளிங், அதாவது குழலுக்குள்ள இருக்கிற திருகுப் பள்ளம், முடியற அந்தக் கடைசி விளிம்பில் ஒரு சின்ன அடி பட்டிருந்தாக்கூட புல்லட் கிளம்பும்போது வாயு ஒரு பக்கமா தள்ளிவிடும். பளபளப்பான, நல்ல துப்பாக்கியா தெரியும். குரூப் மட்டும் விரிஞ்சுக்கிட்டே போகும்.

இப்போ கைக்கு வருவோம்

ஷூ வாங்கும்போது பிராண்ட் பாத்து மட்டும் வாங்க மாட்டோம்ல? கால் அளவைப் பாப்போம். இதுவும் அப்படித்தான். ஆனா நிறைய பேர் யூடியூப் ரிவ்யூ பாத்து வாங்கிட்டு, அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி கையை வளைக்கிறாங்க.

பாக்க வேண்டியது ட்ரிகர் எட்டும் தூரம். துப்பாக்கி காலியா இருக்குன்னு நீங்களே பாத்து உறுதி பண்ணிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற வளைவை கிரிப்போட பின்பக்கத்தில் முடிஞ்ச வரை மேலே ஏத்திப் பிடிங்க. குழல் உங்க முன்கை எலும்போட ஒரே நேர்கோட்டில் இருக்கணும். இப்போ ஆள்காட்டி விரலை ட்ரிகரில் வைங்க. விரல் நுனியோட சதைப்பகுதி ட்ரிகரோட நடுவில் சும்மா போய் உட்காந்தா சிங்கிள் ஆக்ஷனுக்கு அது சரியான அளவு. டபுள் ஆக்ஷனுக்கு முதல் மூட்டு வரைக்கும் எட்டினா நல்லது. விரலை எட்ட வைக்க கையைச் சுத்திப் பிடிக்க வேண்டியிருந்தா, அந்தக் கிரிப் உங்களுக்குப் பெருசு. விரல் வளைஞ்சு அந்தப் பக்கம் போய் நின்னா, சின்னது.

ஏன் இவ்வளவு கவனம்? ட்ரிகரை நேரா பின்னாடி இழுக்கணும். எட்டாத விரல் பக்கவாட்டில் தள்ளும், அதிகமா எட்டின விரல் உள்பக்கம் இழுக்கும். வலது கையால் சுடுறவங்களோட குரூப் எப்பவும் இடது பக்கமோ வலது பக்கமோ போயிட்டே இருந்தா, சைட்டைத் திருப்புறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி ஃப்ரேம் அளவுக்கு எழுத்து வெச்சிருக்கு: ஜே சின்னது, கே நடுத்தரம், எல் அதை விடக் கனமானது, என் பெருசு. கே, எல் ரெண்டுக்கும் கைப்பிடி அளவு ஒண்ணுதான். வித்தியாசம் முன்பக்கக் கனத்தில் இருக்கு. நடுத்தரக் கை, சின்னக் கை உள்ளவங்களுக்கு கே அல்லது எல் சரியா அமையும். என் ஃப்ரேம் நிறைய பேருக்கு எட்டாது. ரூகர் ஜிபி100-ல் கைப்பிடிக்குள்ள ஒரு ஒல்லியான தண்டு மட்டும்தான் இருக்கு. அதனால் சின்னதா, பெருசா எந்தக் கிரிப்பையும் மாட்டலாம். கை ரொம்பச் சின்னதா இருக்கிறவங்களுக்கு அது பெரிய வசதி.

இன்னொண்ணு: கிரிப்பை மாத்தலாம், ஃப்ரேமை மாத்த முடியாது. கடையில் பிடிச்சுப் பாத்து "கிட்டத்தட்ட சரி"ன்னு தோணினா, கிரிப் மாத்திச் சரி பண்ணலாமான்னு கேளுங்க. அது விலை குறைஞ்ச மாற்றம், பலன் ரொம்பப் பெருசு.

கையோட சேர்த்து கண்ணையும் பாத்துடுங்க. வலது கைக்காரங்க எல்லாருக்கும் வலது கண் ஆளும் கண் இல்லை. ரெண்டு கையையும் நீட்டி நடுவில் ஒரு சின்ன முக்கோண ஓட்டை விட்டு தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்க. அப்புறம் ஒரு ஒரு கண்ணா மூடுங்க. எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே இருக்கோ, அதுதான் ஆளும் கண். கையும் கண்ணும் எதிரெதிரா இருந்தா பதற வேண்டாம். ரிவால்வரில் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே போதும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும்.

குழல் நீளம்: ஒரு சின்னக் கணக்கு

"நீளக் குழல்னா துல்லியம் அதிகம்"னு சொல்வாங்க. பாதி உண்மை. 4 அங்குலக் குழலும் 6 அங்குலக் குழலும் மெஷினளவில் கிட்டத்தட்ட ஒரே துல்லியம்தான். நீளக் குழல் உதவுறது உங்க கண்ணுக்கு.

முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் 6 அங்குலக் குழலில் சுமார் 200 மி.மீ., 4 அங்குலத்தில் சுமார் 150. இப்போ முன் சைட் நடுவில் இருந்து 0.2 மி.மீ. விலகியிருக்குன்னு வைங்க. 25 மீட்டரில் என்ன ஆகும்?

0.2-ஐ 200-ஆல் வகுத்து 25,000 மி.மீ.-ஆல் பெருக்கினா 25 மி.மீ. சர்வதேசப் போட்டிகளில் 25 மீட்டர் டார்கெட்டோட 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. அப்போ நடுவில் விழவேண்டிய புல்லட் வட்டத்தோட ஓரத்தில் போய் விழும். அதே தப்பு 150 மி.மீ. தூரத்தில் 33 மி.மீ. ஆகும். 10 போய் 9 ஆயிடும்.

0.2 மி.மீ. பேப்பர் ரெண்டு தடிமன். இதனால்தான் கோச் எல்லாரும் "டார்கெட்டைப் பாக்காதே, முன் சைட்டைப் பாரு"ன்னு கத்துறாங்க. டார்கெட் மங்கலா தெரியணும், முன் சைட்டோட விளிம்பு கூர்மையா தெரியணும். முன் சைட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம், மேல் விளிம்பு பின் சைட்டோட சமம். சின்ன வயசிலேயே கண்ணாடி போட்டவங்க நம்மில் நிறைய பேர். கண் டாக்டர்கிட்ட போகும்போது கையை நீட்டினா முன் சைட் எவ்வளவு தூரத்தில் வரும்னு அளந்து சொல்லுங்க. அதுக்கு ஏத்த லென்ஸ் போட்டுக் கொடுப்பாங்க.

டார்கெட்டுக்கு பின் சைட் திருகாணியால் நகர்த்தக்கூடியதா இருக்கணும். இதில் விட்டுக்கொடுக்காதீங்க. குறிப்பு: ஓட்டை எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே பின் சைட்டை நகர்த்தணும்.

என் கணிப்பு: முழுக்க டார்கெட்டுக்குன்னா 6 அங்குலம். கை சீக்கிரம் களைச்சுப் போகுதுன்னா 4 அல்லது 5. நீட்டின கையில் முன்பக்கக் கனம் கொஞ்சம் இருந்தா சைட் நிதானமா ஆடும். அதிகமானா பத்தாவது ஷாட்டில் தோள் நடுங்கும்.

ட்ரிகர்

ரிவால்வரில் ரெண்டு ட்ரிகர் ஒளிஞ்சிருக்கு. ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திட்டு சுட்டா சிங்கிள் ஆக்ஷன். சுமார் 3 முதல் 4 பவுண்டு அழுத்தம், விரல் நகர்றதே தெரியாது. நேரா ட்ரிகரை மட்டும் இழுத்தா டபுள் ஆக்ஷன். அந்த ஒரே இழுப்பு சிலிண்டரையும் சுத்தி ஹேமரையும் தூக்கி விடணும். சுமார் 10 முதல் 12 பவுண்டு. கணக்குப் போடுங்க: துப்பாக்கியோட எடையே சுமார் ரெண்டரை பவுண்டு. அதைப் போல நாலு மடங்கு அழுத்தத்தை ஒரே விரலால் கொடுக்கணும், அதுவும் துப்பாக்கியை அசைக்காம.

மெதுவா சுடுற சுற்றுக்கு சிங்கிள் ஆக்ஷன் போதும். ஆனா ப்ராக்டிஸில் பாதி டபுள் ஆக்ஷன் பண்ணுங்க. டபுள் ஆக்ஷன் நல்லா வந்தவங்களுக்கு வேற எந்த ட்ரிகரும் சுலபமா தெரியும்.

கடையில் எதைக் கவனிக்கணும்? எடையை விட மென்மை. 10 பவுண்டு சீரா போனா பழகிடும். 8 பவுண்டு நடுவில் தடக்தடக்னு மாட்டினா பழகவே பழகாது. "ஸ்பிரிங்கை மாத்தி லேசாக்கிடலாம்"னு யாராவது சொன்னா நிதானமா இருங்க. ரொம்ப லேசான ஸ்பிரிங் ஹேமரோட அடியையும் லேசாக்கிடும், தோட்டா வெடிக்காமப் போகும். தெரிஞ்ச கன்ஸ்மித் மெருகேத்துறது வேற, நம்ம கிச்சன் டேபிளில் ஸ்பிரிங்கை வெட்டுறது வேற.

எந்தத் தோட்டா?

.22 எல்ஆர்: முதல் ரிவால்வருக்கு என் பதில் இதுதான். விலை குறைவு, அதிர்வு இல்லை, சத்தம் குறைவு. ஒரு மாலையில் 200 ஷாட் சுடலாம். துப்பாக்கி பத்தின பயமும் சிமிட்டலும் வராம அடிப்படை வந்துடும். ஒரே ஒரு எச்சரிக்கை: .22-ஐ தோட்டா இல்லாம வெறுமனே சுட்டுப் பழகாதீங்க. ஃபயரிங் பின் அறையோட விளிம்பில் இடிச்சு அதைக் கெடுக்கலாம். டம்மி தோட்டா போட்டுத்தான் பண்ணணும்.

.38 ஸ்பெஷல்: டார்கெட் ரிவால்வரோட தாய்மொழி. 148 கிரெய்ன் வாட்கட்டர்னு ஒரு தோட்டா இருக்கு. முனையே இல்லாம தட்டையா, ஒரு சின்ன டின் டப்பா மாதிரி இருக்கும். வினாடிக்கு சுமார் 700 அடி வேகம்தான். அதிர்வு மென்மை, பேப்பரில் பஞ்ச் மெஷின் போட்ட மாதிரி சுத்தமான வட்ட ஓட்டை. கோடு தொட்டதா இல்லையான்னு சண்டையே வராது. முன்னாடி சொன்ன "மென்மையான தோட்டா" இதுதான்.

.357 மேக்னம்: இதை வாங்கச் சொல்றது மேக்னம் தோட்டா சுடுறதுக்கு இல்லை. .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலும் போடலாம். கூடுதல் எடையும் உறுதியும் அதிர்வைக் குறைக்கும். திருப்பிப் பண்ண முடியாது: .38-ல் .357 போடக் கூடாது. .357 கூடு 3 மி.மீ.க்கு மேல நீளமா இருக்கிறதே அது உள்ளே போகக் கூடாதுன்னுதான். .38 நிறைய சுட்டா .357 அறைக்குள்ள ஒரு கரி வளையம் படியும். தேய்ச்சுச் சுத்தம் பண்ணிட்டு இருந்தா போதும்.

பேர் சொல்லுங்கன்னா

சரி, பேர். .22-ல் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 17 பழைய காலத்து அழகு, மாடல் 617 அதோட ஸ்டெயின்லெஸ் தம்பி. இப்போ வர்றது 10 தோட்டா பிடிக்கும். .38-ல் மாடல் 14. 1957ல கம்பெனி எண் கொடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதோட பேர் கே-38 மாஸ்டர்பீஸ். டார்கெட்டுக்குன்னே பிறந்தது. பழைய மார்க்கெட்டில் கிடைக்கும். .357-ல் 1980ல வந்த மாடல் 686-ம் 1985ல வந்த ரூகர் ஜிபி100-ம் உழைப்பாளிகள். கோல்ட் பைத்தன் 1955ல வந்து, 2005ல நின்னு, 2020ல புது வடிவில் திரும்ப வந்தது. பழைய பைத்தன் இப்போ கலெக்டர் விலை. ஐரோப்பாவில் இருக்கிறவங்க மனூரான் எம்ஆர்73 பத்திக் கேட்டிருப்பீங்க. பிரான்ஸோட ஜிஐஜிஎன் படை பயன்படுத்தினது. விலையைப் பாத்தா தலை சுத்தும்.

இதில் எது "பெஸ்ட்"? மேலே சொன்ன விரல் சோதனையில் எது பாஸ் ஆகுதோ அது.

பழசு வாங்கினா

நல்ல டார்கெட் ரிவால்வர் நிறைய பழைய மார்க்கெட்டில்தான் இருக்கு. கடைக்காரர்கிட்ட அனுமதி கேட்டுட்டு, காலியா இருக்குன்னு ரெண்டு தடவை பாத்துட்டு, இதெல்லாம் பண்ணுங்க:

1. ஹேமரை மெதுவா பின்னாடி இழுங்க. முழுசா போய் நிக்கிறதுக்குள்ள சிலிண்டர் "க்ளிக்"னு பூட்டிக்கணும். ஆறு அறைக்கும் தனித்தனியா பண்ணுங்க. ஒண்ணு தாமதமானாலும் டைமிங் வேலை இருக்கு.

2. சிலிண்டரை முன்னாடி பின்னாடி தள்ளிப் பாருங்க. ஆட்டம் கண்ணுக்குத் தெரிஞ்சா தேய்மானம்.

3. ஹேமரை நிறுத்திட்டு கட்டைவிரலால் லேசா முன்னாடி தள்ளுங்க. விழுந்தா அந்தத் துப்பாக்கியைக் கீழே வெச்சுடுங்க. அது துல்லியப் பிரச்சனை இல்லை, ஆபத்து.

4. சிலிண்டரைத் திறந்து குழலோட பின்வாயைப் பாருங்க. குறிப்பா அடிப்பக்கம். பழைய கே ஃப்ரேம் .357-களில் லேசான, வேகமான மேக்னம் தோட்டா நிறைய சுட்டிருந்தா அங்க விரிசல் வரும்.

5. குழல் வழியா வெளிச்சம் விட்டுப் பாருங்க. நடுவில் கறுப்பு வளையம் தெரிஞ்சா குழல் ஒரு தடவை வீங்கியிருக்கு. முனையில் அடி இருக்கான்னு விரல் நகத்தால் தடவிப் பாருங்க.

6. திருகாணிகளைப் பாருங்க. முனை சிதைஞ்சிருந்தா யாரோ வீட்டில் திறந்து "ரிப்பேர்" பண்ணியிருக்காங்க.

வாங்கறதுக்கு முன்னாடி சுடுங்க

வாடகைக்குக் கொடுக்கிற ரேஞ்ச் நிறைய இருக்கு. கிளப்பில் சேர்ந்தா பெரியவங்க தங்களோடதையே கொடுத்து "சுட்டுப் பாரு தம்பி"ங்கிற மாதிரி நடந்துக்குவாங்க. கூச்சப்படாம கேளுங்க.

ஒரே நாளில், ஒரே தோட்டாவில், மூணு ரிவால்வர். ஒவ்வொண்ணிலும் அஞ்சு அஞ்சா நாலு தடவை, ஒவ்வொரு அஞ்சுக்கும் புது டார்கெட். டார்கெட்டோட மூலையில் துப்பாக்கி பேர் எழுதி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஓட்டை நடுவில் இருக்கான்னு பாக்காதீங்க. அதைச் சைட் திருப்பி சரி பண்ணிடலாம். ஓட்டைகள் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு கிட்ட இருக்குன்னு பாருங்க. நாலு பேப்பரிலும் ஒரே மாதிரி சின்னதா இருக்கிறதுதான் உங்களோடது. ஒரு பேப்பரில் அற்புதமா, மத்த மூணில் சிதறிப் போயிருந்தா அது அதிர்ஷ்டம்.

அப்புறம் ரிவால்வருக்கே உரிய ஒரு சோதனை. நண்பர் ஒருத்தர் சில அறைகளில் மட்டும் தோட்டா, மத்ததில் சுட்ட காலிக் கூடு போட்டு சிலிண்டரைச் சுத்தி மூடிக் கொடுக்கட்டும். எது வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியாது. வெடிக்காத அறை வரும்போது குழல் முனை கீழே குத்தினா, நீங்க சத்தத்துக்கு முன்னாடியே பயந்து கையை அழுத்துறீங்கன்னு அர்த்தம். எல்லாருக்கும் இருக்கிறதுதான். ஆனா ஒரு ரிவால்வரில் அதிகமாவும் இன்னொண்ணில் குறைவாவும் இருந்தா, அந்தக் குறைவானதை வாங்குங்க. மூளை அதை நம்புது.

காதுக்கு உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணுன்னு ரெண்டு பாதுகாப்பு போடுங்க. துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், போன கேள்விறன் திரும்ப வராது. கண்ணாடி கட்டாயம். முடிச்சதும் சாப்பிடறதுக்கு முன்னாடி கையை சோப் போட்டுக் கழுவுங்க. ஈயத் தூசி.

எந்த நாட்டில் இருக்கீங்க?

இது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம லிஸனர்ஸ் உலகம் பூரா இருக்கீங்க.

அமெரிக்காவில் லைசென்ஸ் டீலர்கிட்ட கைத்துப்பாக்கி வாங்க மத்திய சட்டப்படி வயசு 21, பின்னணிச் சோதனை உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் மேலும் விதிகள். இங்கேயே பிறந்த உங்களுக்குப் பிரச்சனை இல்லாம இருக்கலாம். ஆனா எச்-1பி, மாணவர் விசாவில் வந்த உங்க கஸினுக்கு, சில விதிவிலக்கு தவிர, துப்பாக்கி வாங்கவும் வெச்சுக்கவும் மத்திய சட்டத்தில் தடை இருக்கு. "சும்மா உன் பேர்ல வாங்கிக் கொடு"ன்னு யார் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லுங்க. அது பெரிய குற்றம்.

கனடாவில் 2022 அக்டோபர் 21-ல் இருந்து கைத்துப்பாக்கி வாங்குறது, விற்கிறது, கைமாத்துறது நிறுத்தப்பட்டாச்சு. ஒலிம்பிக் பிரிவுகளுக்குக் குறுகிய விதிவிலக்கு மட்டும். பிரிட்டனில் 1996 டன்ப்ளேன் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு 1997ல சட்டம் வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் சாதாரண ரிவால்வர் வெச்சுக்க முடியாது. சான்றிதழோட நீளக் குழல் ரிவால்வரும், கருமருந்து போட்டு முன்வாயில் நிரப்புற வகையும் மட்டும் கிளப்புகளில் பாக்கலாம். ஆஸ்திரேலியாவில் கிளப் மூலமா முடியும். ரிவால்வர் குழல் குறைஞ்சது 100 மி.மீ. இருக்கணும். ஜெர்மனியில் கிளப்பில் ஒரு வருஷம் ஒழுங்கா சுட்டிருக்கணும். இவையெல்லாம் மாறிட்டே இருக்கிற சட்டங்கள். கிளப் செயலாளர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

அம்மாகிட்ட எப்படிச் சொல்றது

லிஸனர் மெயிலில் கடைசியா ஒரு வரி இருந்தது: "அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

இதை நான் ஜோக்கா எடுத்துக்கலை. நம்மில் பலரோட அம்மா அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்தோ வன்னியில் இருந்தோ வந்தவங்க. நமக்கு இது ஸ்பிரிங்கும் தாழ்ப்பாளும் உள்ள அழகான மெஷின். அவங்களுக்கு அது செக்பாயின்ட்டில் பாத்தது, ராத்திரி கேட்டது, சில வீடுகளில் யாரையோ கொண்டுபோனது. அந்தப் பொருளை அவங்க தூங்குற வீட்டுக்குள்ள கொண்டு வர்றோம். "இது ஸ்போர்ட்மா"ன்னு ஒரு வரியில் அதைத் தாண்ட முடியாது.

ஸ்போர்ட்தான், சந்தேகமில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைஃபிளோட ரெண்டு ஒலிம்பிக் போயிருக்காங்க. 2021ல நடிகர் அஜித் தமிழ்நாடு மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கினதை அவங்களே வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் பண்ணியிருப்பாங்க. பேச்சை அங்க இருந்து ஆரம்பிக்கலாம். ஆனா முடிவு அவங்க பக்கமும் இருக்கணும்.

இன்னொரு விஷயமும் நேரா சொல்லணும். வீட்டில் துப்பாக்கி இருந்தா, அந்த வீட்டில் தற்கொலை நடக்கிற ஆபத்து கூடுதுன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கு. நீங்களோ வீட்டில் யாராவதோ மனசு சரியில்லாத கட்டத்தில் இருந்தா, இந்த வருஷம் வாங்க வேண்டாம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடறதில் எந்தக் குறையும் இல்லை. சில கிளப்புகளில் அங்கேயே பூட்டி வைக்கிற லாக்கர் வசதி இருக்கு. அதைக் கேட்டுப் பாருங்க. வீட்டில்தான் வைக்கணும்னா, சுவரில் போல்ட் பண்ணின இரும்புப் பெட்டி, தோட்டா வேற பூட்டில், சாவியோ கோடோ உங்ககிட்ட மட்டும். அண்ணா குழந்தைகளைக் கூட்டிட்டு வர்ற வீடுன்னா இதில் ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம். பெட்டி வாங்க பணம் இல்லைன்னா, ரிவால்வர் வாங்கவும் இன்னும் பணம் சேரலைன்னு வெச்சுக்கோங்க.

டெக்சஸ் தம்பிக்கு என் பதில் சுருக்கமா: முதல்ல அம்மாகிட்ட பேசுங்க. கிளப்பில் சேருங்க. மூணு மாசம் அவங்களோட .22-ஐ சுடுங்க. அப்புறம் ஒரு சனிக்கிழமை 617, 686, ஜிபி100 மூணையும் வாடகைக்கு எடுத்து, மேலே சொன்ன மாதிரி பேப்பரில் பேர் எழுதிச் சுட்டுப் பாருங்க. பன்னெண்டு பேப்பரையும் ஃபோட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. உங்களுக்குச் சம்மதம்னா அடுத்த லெட்டரில் போட்டு எல்லாருமா அலசலாம்.

அடுத்த வாரம் எபிசோடில்: பழைய ஃபிலிம் கேமராவோட ஷட்டர், அதையும் கழட்டிப் பாக்கப் போறோம். கேள்வி இருந்தா இந்த லெட்டருக்கே ரிப்ளை பண்ணுங்க. வாய்ஸ் நோட்டும் ஓகே.